சுகுணா அக்காவின் சாம்பல் கோழிகள்

எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு; எங்கள் வளப்பூர் நாட்டில் சுகுணா அக்காவிடம் வாய் கொடுத்துவிட்டு முழுசாகத் திரும்பியவர்கள் குறைவு. பஸ் கண்டக்டரும் சரி, மிளகு வாங்க வரும் வியாபாரியும் சரி, அவளைக் கண்டால் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அவளுக்குச் சரிக்குச் சரி நின்றவள் நான் ஒருத்திதான். அவள் என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, எனக்கு ஓரகத்தி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான் உண்டு. அந்த வேலிக்கு மேல் நாங்கள் வீசிக்கொண்ட சொற்களைப் பொறுக்கி எடுத்திருந்தால் ஒரு லாரி நிரம்பியிருக்கும்.

பிறகு பேச்சே நின்றுபோனது. அதற்குக் காரணம் கோழிதான். அக்காவின் கோழிகள் என் கேழ்வரகு நாற்றங்காலை ஒரே காலையில் கிளறித் தள்ளிவிட்டன. நான் கோழியைத் திட்டினேன். அவள் என்னைத் திட்டினாள். நான் அவளைத் திட்டினேன். அவள் என் அம்மாவை இழுத்தாள். அன்றைக்கு மூடிய வாயை இரண்டு பேரும் இரண்டு வருஷம் திறக்கவில்லை. என் வீட்டுக்காரர் இளங்கோ நடுவில் நின்று இரண்டு பக்கமும் சேதி சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், கடைசியில் காதே கேட்காதவர் மாதிரி இருக்கப் பழகிக்கொண்டார்.

அக்கா அரியூர் நாட்டுப் பெண். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த அன்று ஜீப்பிலிருந்து இறங்கும்போது அவள் கக்கத்தில் ஒரு பெட்டைக் கோழி இருந்ததாம். சாம்பலைக் குழைத்துப் பூசின மாதிரி நிறம். பட்டுப்புடவையும் மாலையுமாகக் கோழியை அணைத்துக்கொண்டு நின்ற மணப்பெண்ணைப் பார்த்து ஊரே சிரித்தது என்று இளங்கோ இன்றைக்கும் சொல்வார். சிரித்தவர்கள் எல்லோரும் பிறகு அவளிடம்தான் முட்டைக்கும் குஞ்சுக்கும் வந்து நின்றார்கள். அந்த ஒரு கோழியிலிருந்து பெருகியவைதான் அவள் வீட்டுக் கோழிகள் எல்லாம். ஒவ்வொரு அடையிலும் இரண்டு மூன்றாவது சாம்பல் நிறத்தில் பொரிந்துவிடும். அவற்றை மட்டும் அவள் யாருக்கும் கொடுக்கமாட்டாள்.

அவள் புருஷன் மாதேஸ்வரன் மாமா மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து போய்ச் சேர்ந்துவிட்டார். அப்போது மகன் கார்த்தி பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். பிறந்த வீட்டார் வந்து கூப்பிட்டார்கள். போகவில்லை. நாங்கள் கை கொடுக்கப் போனோம். வேண்டாம் என்றாள். குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி போட்ட காடும் கோழியுமாகவே பையனைப் படிக்க வைத்தாள். அவன் இப்போது திருப்பூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். கல்யாணமாகிவிட்டது. நோம்பி பண்டிகைக்கு வருவான், போவான்.

இந்த வருஷம் பங்குனியில் மலையெங்கும் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் வந்தது. காலையில் மேய்ந்த கோழி மதியம் தலையைத் தொங்கப்போடும்; மறுநாள் இருக்காது. சிலர் நோய் வந்ததை அவசர அவசரமாக அறுத்துக் குழம்பு வைத்தார்கள். அக்கா அப்படிச் செய்யவில்லை. செத்த ஒவ்வொன்றையும் காட்டோரம் குழி தோண்டிப் புதைத்தாள். கடைசியாக ஒரு சாம்பல் பெட்டை செத்த அன்று வேலி வழியாகப் பார்த்தேன். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு குழிக்குப் பக்கத்தில் அப்படியே நின்றிருந்தாள். போய் ஒரு வார்த்தை பேசலாம் என்று கால் எடுத்தேன். வைராக்கியம் பிடித்து இழுத்தது. நான் போகவில்லை.

என் வீட்டிலும் எல்லாம் போய், ஒன்று மட்டும் மிஞ்சியது. கழுத்தில் இறகே இல்லாத கழுத்தறுத்தான் கோழி. பார்க்க அழகில்லை, குணமும் இல்லை. கூட்டில் அடைந்தால் மரியாதைக் குறைவு என்று நினைத்து எந்நேரமும் பலாமரத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். திருட்டுக் கோழி. கை நீட்டினால் கொத்தும். ஊரில் அத்தனை நல்ல கோழிகளும் செத்தபோது இந்தச் சண்டைக்காரி மட்டும் எப்படியோ தப்பித்துவிட்டது. தப்பித்தது மட்டுமில்லை, சித்திரை பிறந்ததும் அடைக்கும் படுத்துவிட்டது. முட்டை ஒன்றும் இல்லாத வெறும் மூலையில் போய் உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் போனால் உடம்பை இரண்டு மடங்காக உப்பிக்காட்டியது.

அன்று சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கம் அக்காவின் குரல் கேட்டது. என்னிடம் பேசவில்லை. என் கோழியிடம் பேசினாள்.

"ஏண்டி கழுத்தறுத்தா, உனக்கு அடை வந்துருச்சாமா? வெறுந்தரையில என்னத்துக்கு உக்காந்துட்டுக் கெடக்கற? எங்கூட்டுல கேவுருப் பானைக்குள்ள முட்டை வெச்சிருக்கறன். எல்லாஞ் சாகறதுக்கு முன்னால உட்ட முட்டை. நாளாக நாளாக அதுவும் கெட்டுப்போயிரும். வந்து படுத்துக் குடுக்கறயா?"

எங்கள் பக்கத்தில் பேச்சு முறிந்த பெண்கள் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள். மாட்டிடம் சொல்வார்கள், பிள்ளையிடம் சொல்வார்கள், சுவரிடம்கூடச் சொல்வார்கள். கேட்க வேண்டியவர் கேட்டுக்கொள்ள வேண்டும். பதிலையும் அதே வழியில்தான் அனுப்ப வேண்டும். நான் கோழியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

"ஏண்டி, போறதுன்னா போ. ஆனா வாரத்துக்குன்னு சொல்லிட்டுப் போ."

கோழி ஒரு வீட்டுடையது, முட்டை இன்னொரு வீட்டுடையது என்றால் பொரிக்கிற குஞ்சில் பாதிக்குப் பாதி. அதுதான் வாரம். கோழிக்குத் தீனியும் தண்ணீரும் கோழிக்காரி காட்ட வேண்டும். முட்டையை முட்டைக்காரி பார்த்துக்கொள்ள வேண்டும். அடையில் கோழி செத்துப்போனால் பழி முட்டைக்காரி வீட்டுக்கு. இதெல்லாம் யாரும் எழுதி வைத்ததில்லை. ஆனால் மீறினவர்களை ஊர் மறப்பதுமில்லை.

"வாரத்துக்குத்தாண்டி. உங்க எசமானி எனக்குச் சும்மா குடுத்துட்டாலும் மழை வந்துரும்" என்றாள் அக்கா, கோழியைப் பார்த்து.

அப்போதே நான் வாயைத் திறந்திருப்பேன். ஆனால் அவள் அதோடு நிறுத்தவில்லை. குரல் இறங்கிப்போய், நிஜமாகவே கோழியிடம் பேசுகிற மாதிரி சொன்னாள். "கார்த்தி போன்ல கூப்பிட்டுட்டே கெடக்கறான். கோழியும் போச்சு, இன்னும் என்னத்துக்கும்மா அங்க, ஊட்டப் பூட்டிட்டு வந்துருங்கறான். இது பொரிச்சா இருப்பேன். பொரிக்கலீன்னா போயிருவேன். அவங்கிட்ட அப்படித்தான் சொல்லியிருக்கறன்."

இரண்டு வருஷம் பேசாமல் இருந்தேன், உண்மைதான். ஆனால் அந்த வீட்டில் விளக்கு எரியாத ஒரு சாயங்காலத்தை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. கோபித்துக்கொள்ளவாவது அவள் அங்கே வேண்டும்.

இருட்டுக் கட்டுகிற நேரத்தில் நானே கோழியைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு வேலியைத் தாண்டினேன். அக்கா வீட்டின் பின்கட்டு மூலையில் ஓர் அகலக் கூடை தயாராக இருந்தது. அடியில் மணல், மேலே சாமை வைக்கோல். கூடையோரத்தில் ஒரு கரித்துண்டு, இரண்டு காய்ந்த மிளகாய், ஒரு பழைய அரிவாள். சித்திரை மாதம் இடிக்குப் பேர்போனது. இரும்பு பக்கத்தில் இல்லாமல் இடி இடித்தால் அடையில் இருக்கிற முட்டை கூமுட்டையாகிவிடும் என்பது எங்கள் மலையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அக்கா முட்டைகளை ஒவ்வொன்றாகக் காதோரம் வைத்து மெல்ல ஆட்டிப் பார்த்து அடுக்கினாள். கோழியை விட்டதும் அது எங்கள் இருவரையும் முறைத்துவிட்டு, காலை அகட்டி, முட்டைகளை வயிற்றுக்கடியில் தள்ளிக்கொண்டு உட்கார்ந்தது. அதன் பிறகு எங்களை மறந்தேபோனது.

எனக்குக் கோழி என்றால் குழம்பு. அவ்வளவுதான் அதுவரை நினைத்திருந்தேன். தினமும் தீனி காட்டப் போய்ப் போய்த்தான் அந்தச் சண்டைக்காரி என்ன செய்கிறாள் என்று பார்த்தேன். பகலில் ஒரே ஒரு முறை எழுந்திருப்பாள். ஓடிவந்து நாலு வாய் கேழ்வரகு, நாலு வாய் தண்ணீர், மண்ணில் ஒரு புரளல், உடனே ஓட்டம். நான் வைத்த தீனியில் பாதி அப்படியே கிடக்கும். உட்கார்ந்ததும் அலகால் முட்டைகளைப் புரட்டுவாள். ஓரத்தில் இருந்ததை நடுவுக்கும் நடுவில் இருந்ததை ஓரத்துக்கும் மாற்றுவாள். எல்லாவற்றுக்கும் ஒரே சூடு கிடைக்க வேண்டுமாம். இதை அதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? நெஞ்சு இறகைத் தானே பிடுங்கிப் போட்டிருந்தாள், தோல் நேராக முட்டையில் படட்டும் என்று. ஒருநாள் வயிற்றுக்கடியில் கை விட்டுப் பார்த்தேன். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரி கொதித்தது. கையை எடுப்பதற்குள் கொத்தி ரத்தம் வரவைத்துவிட்டாள்.

"உங்க எசமானி கொணமே உனக்கும் வந்துருக்குது" என்றாள் அக்கா, கோழியிடம்.

"எங்கூட்டுல இருந்தவரைக்கும் நல்லாத்தாண்டி இருந்த, இங்க வந்துதான் கெட்டுப்போயிட்ட" என்றேன் நானும், கோழியிடம்.

கோழி இரண்டு பேரையும் கண்டுகொள்ளவில்லை. இப்படியே தினமும் கூடைக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவளுமாக உட்கார்ந்து பேசினோம். கார்த்தியின் பெண்டாட்டிக்கு அங்கே தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்பது, எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, சோளக்காட்டுச் சந்தையில் அன்னாசி குவிந்து கிடப்பது, எல்லாம் கோழிக்குத்தான் சொன்னோம். இரண்டு வருஷத்துச் சேதியையும் அது பொறுமையாகக் கேட்டுக்கொண்டது.

ஒரு வாரம் போனதும் அக்கா கோழியைப் பார்த்து, "உங்க எசமானி போன்ல டார்ச்சு எரியுமா?" என்றாள். கதவைச் சாத்திவிட்டு, கோழி தீனிக்கு எழுந்த சிறுபொழுதில் ஒரு முட்டையை எடுத்து விரல்களுக்கிடையில் பிடித்தாள். நான் போன் வெளிச்சத்தைப் பின்னாலிருந்து காட்டினேன். ஓடு ஆரஞ்சுப் பழச் சுளை மாதிரி ஒளிர்ந்தது. உள்ளே மெல்லிய சிவப்பு நரம்புகள் வேர்விட்டுப் பரவியிருந்தன. அந்த வேர்கள் கூடுகிற இடத்தில் ஒரு கரும்புள்ளி. அது துடித்தது. துடித்தது, நின்றது, மறுபடி துடித்தது. நானும் இரண்டு பிள்ளை பெற்றவள்தான். ஆனால் ஓர் உயிர் தொடங்குவதை நேருக்கு நேர் இப்படிக் கண்ணால் பார்த்ததில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அக்காவும் போட்டுக்கொண்டாள். ஒன்றிரண்டு முட்டைகள் வெறுமையாகத் தெரிந்தன, அவற்றை எடுத்து வைத்தாள். மற்ற எல்லாவற்றிலும் அந்தப் புள்ளி இருந்தது.

பொரிக்க இன்னும் சில நாள்தான் என்று இருக்கும்போது அந்த மழை வந்தது.

அன்று மதியம் அக்கா கிழங்குக் காட்டில் நடவுக்குக் குச்சி வெட்டிக்கொண்டிருந்தாள். நான் வேலியோரம் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். வானம் ஒரு பக்கமாக இருண்டது. இரண்டு சொட்டு விழுந்தது. அதற்குள் ஒரு இடி. மலையையே பிளந்துவிட்டது என்று நினைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா வீட்டுக்குப் பின்னால் இருந்த சில்வர் ஓக் மரம் உச்சியிலிருந்து பாதிவரை பட்டை உரிந்து நின்றது. அதிலிருந்து முறிந்த கொம்பு ஓட்டின்மேல் விழுந்து பின்கட்டுக் கூரையில் ஓட்டை. மழை கொட்டத் தொடங்கியது. நான் இந்தப் பக்கமிருந்தும் அக்கா காட்டிலிருந்தும் ஓடி, ஒரே நேரத்தில் வாசற்படியில் முட்டிக்கொண்டோம்.

உள்ளே தண்ணீர் நேராகக் கூடையின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு எந்தக் கோழியும் பறந்து ஓடியிருக்கும். கழுத்தறுத்தாள் ஓடவில்லை. கூடையில் எழுந்து நின்று இரண்டு இறக்கைகளையும் விரித்துப் பந்தல் போட்டிருந்தாள். ஓட்டுச் சில்லுகள் முதுகில் கிடந்தன. இறகில்லாத கழுத்தில் தண்ணீர் ஓடியது. உடம்பு நடுங்கியது, கால் மட்டும் நகரவில்லை. மனுஷப் பிறவி எடுத்தவர்களில் எத்தனை பேர் இப்படி நிற்பார்கள் என்று தோன்றியது.

இருவரும் கூடையைத் தூக்கி ஈரமில்லாத மூலைக்குக் கொண்டுபோனோம். ஒரு பக்கத்து முட்டைகள் நனைந்து சில்லென்று இருந்தன. துணியால் துடைத்து அடுக்கும்போதுதான் அக்காவின் இடுப்பைப் பார்த்தேன். அரிவாள் அங்கே செருகியிருந்தது. குச்சி வெட்ட வேறு அரிவாள் கைக்கு அகப்படாமல், கூடையோரத்தில் இருந்ததை எடுத்துப் போயிருக்கிறாள். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

"இரும்ப நானே எடுத்துட்டுப் போயிட்டேன்" என்றாள் கோழியிடம். "என் கையால நானே எடுத்துட்டுப் போயிட்டேன்."

எத்தனை வருஷமாக அடை வைக்கிறவள். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. எனக்கும் அந்தப் பயம்தான். அந்த மாதிரி இடிக்கு, இரும்பும் இல்லாமல், முட்டை எப்படித் தாங்கும்?

பொரிக்க வேண்டிய நாள் வந்தது. ஒரு முட்டையிலும் கீறல் இல்லை, சத்தம் இல்லை. மறுநாளும் இல்லை. வெளிச்சத்தில் பார்க்கலாம் என்று போனை நீட்டினேன். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பார்த்துத் தெரிந்துகொள்ள அவளுக்குத் தைரியம் இல்லை. கோழியின் கொண்டை வெளுத்துப்போயிருந்தது. தூக்கினால் வெறும் இறகைத் தூக்குகிற மாதிரி கனமே இல்லை. தீனிக்கு எழுவதையும் விட்டுவிட்டாள்.

"போதும் சாமி" என்றாள் அக்கா அதனிடம். "நாளைக்கு உன்ன உங்கூட்டுல உட்டுர்றேன்."

"இன்னும் ரெண்டு நாளு படுத்துப் பாருடி. நனைஞ்ச முட்டை, நாள் தள்ளும்" என்றேன் நான்.

"கூமுட்டை மேல படுத்துப் படுத்து நீ செத்துப்போனீன்னா ஊரு என்ன சொல்லும்? ஒருத்தி ஊட்டுக் கோழியக் கொன்னுட்டுத் திருப்பூருக்கு ஓடிட்டான்னு சொல்லும். அந்தப் பேரு எனக்கு வேண்டாம்."

"செத்தா எங்கோழி. என்னைத் தவுர எவளுக்கு என்ன?" நான் கத்திவிட்டேன். கோழியிடம்தான். ஆனால் கண் அவளைப் பார்த்தது. அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். கார்த்தியிடம் போனில் பேசுவது கேட்டது. ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப் போ என்றாள்.

மறுநாள் காலை பனி இறங்கிக் கிடந்தது. என் கோழி கத்துகிற சத்தம் கேட்டு வெளியே வந்தேன். அது அடைக்கோழியின் கத்தல் இல்லை, பிள்ளையைப் பறிகொடுத்தவளின் கத்தல். கோழியைக் கவிழ்த்த கூடைக்குள் அடைத்துவிட்டு, முட்டைகளை முந்தானை மடியில் கட்டிக்கொண்டு அக்கா எருக்குழியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். நான் வேலியோரமாகவே கூட நடந்தேன். கூப்பிட வாய் வந்தது. என்னவென்று கூப்பிடுவது என்று தெரியவில்லை.

குழியோரம் நின்று முதல் முட்டையை எறிந்தாள். அது வெடித்த நாற்றம் வேலிக்கு இந்தப் பக்கம் வரை அடித்தது. முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அவளும் அதையேதான் நினைத்திருப்பாள். இரண்டாவதைக் கையில் எடுத்தாள், ஓங்கினாள், எறியாமல் நின்றாள். பிறகு அதைப் பார்த்துப் பேசத் தொடங்கினாள். சண்டைக்காரிக் குரல் இல்லை. நான் இந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து கேட்காத குரல்.

"எங்கம்மா குடுத்துவுட்டது சாமி நீங்க. அவரு போனப்பக்கூட நீங்கதான் என்னைக் காப்பாத்துனீங்க. நான் உங்களக் காப்பாத்தாமப் போயிட்டேன். மன்னிச்சுக்குங்க."

சொல்லி முடித்ததும் எதையோ கேட்டவள் மாதிரி தலையைச் சாய்த்தாள். பிறகு மெல்ல அந்த முட்டையைக் காதில் வைத்தாள். மறுபடி எடுத்துப் பார்த்தாள். அதனிடம் வாயைக் குவித்து ஏதோ சொன்னாள். மறுபடி காதில் வைத்தாள்.

"அம்சா" என்றாள்.

கோழியைப் பார்த்துச் சொல்லவில்லை. கோழி அங்கே இல்லை. என்னைப் பார்த்து, என் பெயரைச் சொன்னாள்.

"அம்சா, இங்க வா கண்ணு. இது பேசுது."

வேலியை எப்படித் தாண்டினேன் என்று தெரியாது. புடவை ஒரு முழம் கிழிந்திருந்ததைப் பிற்பாடுதான் பார்த்தேன். அக்கா முட்டையை என் காதில் வைத்தாள். ஓடு சில்லென்று இருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. "பேசுங்க்கா" என்றேன். "சாமி" என்றாள் அக்கா, முட்டைக்குப் பக்கத்தில் குனிந்து. உள்ளே, வெகு உள்ளே, ஒரு கீச்சுக் குரல் பதில் சொன்னது. அவள் நிறுத்தினால் அதுவும் நிறுத்தியது. அவள் கூப்பிட்டால் அதுவும் கூப்பிட்டது. வீட்டுக்குள்ளிருந்து கழுத்தறுத்தாள் கத்தியபோது மடியில் இருந்த மற்ற முட்டைகளிலிருந்தும் ஒன்றிரண்டு கீச்சுகள் கிளம்பின. என் மயிரெல்லாம் நட்டுக்கொண்டது. இன்னும் பிறக்காதது, வெளிச்சத்தையே பார்க்காதது, தாயின் குரலையும் இவள் குரலையும் அடையாளம் வைத்திருக்கிறது. எத்தனை நாள் நாங்கள் அந்தக் கூடைக்கு இரு பக்கமும் உட்கார்ந்து பேசினோம். கோழி மட்டும்தான் கேட்கிறது என்று நினைத்திருந்தோமே.

முட்டைகளை இருவரும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினோம். கவிழ்த்த கூடையைத் தூக்கியதும் கோழி எங்கள் கைகளைக் கொத்திக் கிழித்துவிட்டுத்தான் முட்டைகளை வாங்கிக்கொண்டது. உட்கார்ந்த பிறகு அதன் குரல் மாறியது. தொண்டைக்குள்ளேயே, தாலாட்டு மாதிரி, குக்குக் என்று தாழ்வான குரல். வயிற்றுக்கடியிலிருந்து பதில் வந்தது.

மதியம் முதல் கீறல் விழுந்தது. ஓட்டில் ஒரு பொட்டு அளவு தூக்கிக்கொண்டு நின்றது. அதற்குள்ளிருந்து பழுப்பு அலகு ஒன்று எட்டிப் பார்த்து ஓய்வெடுத்தது. ஒரு தட்டு, வெகுநேரம் ஓய்வு, மறுபடி ஒரு தட்டு. எனக்குப் பொறுக்கவில்லை. நகத்தால் கொஞ்சம் ஓட்டைப் பெயர்த்துவிடக் கை நீட்டினேன். அக்கா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் கண்ணு. நாம ஒடைச்சா ரத்தம் போயிரும். உள்ள இருக்கற ரத்தத்த அது இழுத்துக்கறதுக்கு நேரம் வேணும். அதுவேதான் வரோணும்."

சொல்லிவிட்டு என் கையை விடவே இல்லை. அவள் கை என்னைத் தடுப்பதற்காகப் பிடித்த மாதிரி இல்லை. தன் கையைக் கட்டிப்போட ஒரு இடம் தேடின மாதிரி இருந்தது. அன்று இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. இளங்கோ வந்து, "சோறு ஆக்கலீங்களா?" என்று கேட்டார். "பழையது இருக்குது, போட்டுத் தின்னுங்க" என்று அக்காவும் நானும் ஒரே நேரத்தில் சொன்னோம். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இந்தத் தடவை நிஜமாகவே காது கேட்காதவர் மாதிரி போய்விட்டார்.

சாயங்காலத்துக்குள் ஒவ்வொன்றாக ஓட்டைத் தள்ளிக்கொண்டு வந்தன. ஈரத்தில் நனைந்த கந்தல் துணி மாதிரி விழும். செத்துவிட்டது என்று நினைப்பேன். சித்த நேரத்தில் தலையைத் தூக்கும். தாயின் இறகுக்குள் போய்த் திரும்பும்போது பஞ்சு உருண்டையாக வரும். இந்த உடம்பெல்லாம் அந்தச் சின்ன ஓட்டுக்குள் எப்படி மடிந்து கிடந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. எல்லாம் கறுப்பும் பழுப்புமாகத்தான் இருந்தன. சாம்பல் ஒன்றுகூட இல்லை. அக்கா ஒவ்வொன்று வரும்போதும் எட்டிப் பார்த்தாள்.

எருக்குழியோரம் பேசிய அந்த முட்டை மட்டும் மிச்சம். அதில் கீறல் விழுந்திருந்தது, அதோடு நின்றிருந்தது. இருட்டியது. "நாளைக்குப் பார்க்கலாங்க்கா" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். பாயைக் கூடைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

விடிந்ததும் போனேன். அக்கா சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். இரண்டு உள்ளங்கைகளையும் குழித்து வைத்திருந்தாள். கழுத்தறுத்தாள் பக்கத்தில் நின்று, இந்த ஒருத்தியை மட்டும் கொத்தாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கைக்குள் அடுப்புச் சாம்பலை அள்ளி வைத்த மாதிரி ஒரு குஞ்சு. அது அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தது.

"வந்துட்டயா சாமி" என்றாள். அது கீச்சென்றது. கட்டைவிரல் நகத்தை ஏதோ தானியம் என்று நினைத்துக் கொத்தியது. அக்காவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. துடைத்துக்கொள்ளக் கையை எடுக்கவில்லை. நான்தான் என் முந்தானையால் துடைத்துவிட்டேன். நானும் அழுதுகொண்டுதான் இருந்தேன்.

மாடத்தில் இருந்த அவளுடைய போன் அடித்தது. கார்த்திதான். ஞாயிற்றுக்கிழமை எந்த பஸ்ஸுக்கு வந்து கூட்டிப் போவது என்று கேட்கக் கூப்பிட்டிருப்பான். எடுத்து அவளிடம் நீட்டினேன். அவள் குஞ்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீயே சொல்லு அம்சா, அம்மாவுக்குக் கை ஒழியலன்னு."

நான் பச்சைப் பொத்தானை அழுத்திப் போனைக் காதில் வைத்தேன்.